பாலன் குடிலும் நம் பிள்ளைகளும்

(திருவருகைக் காலப் பெற்றோர் கூட்டத்தில் மறைக்கல்வி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



ஞாயிறு மறைக்கல்வி நடத்தும் நாங்களும் பிள்ளை பெற்றவர்கள்தாம். ஆகவே யாரையும் குறைகூற வரவில்லை. எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம்.

சென்ற ஆண்டு டிசம்பரில் சின்ன வகுப்பில், "கிறிஸ்து பிறப்பு விழா என்றதும் என்ன நினைவு வருகிறது?" என்று கேட்டோம். புதுத்துணி, கேக், தாத்தா, நட்சத்திரம் என்று வரிசையாகச் சொன்னார்கள். பாலன் இயேசு ஐந்தாவதாகத்தான் வந்தார். நாங்களும் சிரித்துக்கொண்டோம். விழா முடிந்த ஞாயிறன்று ஒரு பையன், நள்ளிரவுத் திருப்பலிக்குத் தான் வரவில்லை என்றான். ஏனென்று கேட்டோம். "புதுச்சட்டை எடுக்கலை, டீச்சர்" என்றான். அந்த ஆண்டு அவன் தகப்பனாருக்கு வேலையில்லை.

துணியில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டவரைக் காணப் புதுச்சட்டை வேண்டுமென்று அவனுக்கு யார் கற்பித்தது? நாங்கள்தாம். "துணி எடுத்தாச்சா?" என்று வகுப்பிலேயே பத்துத் தடவை கேட்டவர்கள் நாங்கள்.

பிள்ளைகளுக்கு விசுவாசத்தை முதலில் அறிவிப்பவர்கள் பெற்றோரே என்று 1964-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் எடுத்துரைத்தது. எங்களிடம் பிள்ளை இருப்பது வாரத்தில் ஒரு மணி நேரம். மற்றதெல்லாம் வீட்டில்தான்.

வீட்டில் எங்கே தொடங்குவது? குடிலில் தொடங்கலாம். 1223-ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் தீவனத் தொட்டியும் வைக்கோலும் வைத்து, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, அங்கே திருப்பலி நடக்கச் செய்தார். அதன் 800-ஆம் ஆண்டை 2023-இல் திருச்சபை நினைவுகூர்ந்தது. குழந்தை பட்ட சிரமத்தைக் கண்ணால் காண வேண்டுமென்பதே அவர் ஆசை. நம் குடில்களில் அந்தச் சிரமம் தெரிகிறதா, சீரியல் லைட்டுதான் தெரிகிறதா?

குடிலைப் பிள்ளைகளே கட்டட்டும். கோணலாய் இருந்தால் இருக்கட்டும். சிரட்டையில் மண் போட்டுக் கேழ்வரகோ நெல்லோ விதைத்துத் தினமும் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். காத்திருப்பது என்னவென்று அந்த முளை கற்றுக்கொடுக்கும். தொட்டியை நள்ளிரவு வரை வெறுமையாக வைத்திருங்கள். ஒரு நற்செயலுக்கு ஒரு வைக்கோல் போடலாம்: தம்பியை அடிக்காமல் விட்டதற்கு ஒன்று, சொல்லாமலே தண்ணீர் எடுத்து வந்ததற்கு ஒன்று. எங்கள் வீட்டுச் சிறுமி ஒரே செயலுக்கு மூன்று போட்டாள். கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டோம்.

இரவுச் செபத்தின்போது லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக வாசியுங்கள். தூதர் முதலில் சேதி சொன்னது யாருக்கு என்று கேளுங்கள். இராக்காவல் காத்த ஆட்டிடையருக்கு! ஆலயத்தில் மரியன்னையும் சூசையப்பரும் கொடுத்த காணிக்கை புறாக்கள் என்பதையும் சொல்லுங்கள். ஆட்டுக்குட்டி வாங்க இயலாத ஏழைகளுக்குச் சட்டம் அனுமதித்த காணிக்கை அது. புதுச்சட்டை இல்லாத பிள்ளைக்கு இதைவிட ஆறுதலான சேதி எங்கே இருக்கிறது?

தாத்தாவோடு சண்டை வேண்டாம். அவருக்குப் பின்னால் மீரா நகர் ஆயர் புனித நிக்கோலாஸ் இருக்கிறார் என்று சொன்னால் போதும். முறுக்கும் அதிரசமும் குறைய வேண்டியதில்லை. அதில் எங்களுக்கும் ஆசை உண்டு. ஆனால் தட்டைப் பிள்ளை கையில் கொடுத்தனுப்புங்கள். அடுத்த வீட்டு இந்து, முஸ்லிம் சகோதரர்களுக்கும், அடுப்பு எரியாத வீட்டுக்கும் அவனே கொண்டுபோகட்டும்.

இவ்வாண்டு வகுப்பில் துணியைப் பற்றிக் கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். நள்ளிரவுத் திருப்பலிக்கு எங்கள் பிள்ளைகள் துவைத்த பழைய துணியில் வருவார்கள். புதுத்துணி விடிந்த பிறகு. பாலனை முத்தி செய்யும் வரிசையில் உங்கள் பிள்ளைகளும் அப்படியே நின்றால் மகிழ்வோம். அந்தப் பையனை வீட்டுக்கே போய் அழைத்திருக்கிறோம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.