வழிகாட்டி நூலும் வாழும் நாடும்



விடுமுறை வந்தால் நம் காலனிக் குடும்பங்கள் இலங்கைக்குச் சென்று வருவது இந்நாளில் அரிய செயலன்று. செல்வோர் கையில் வழிகாட்டி நூலொன்றும் இருக்கிறது. அந்நூல் நமக்கு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது விடுகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

நூலைப் பழிப்பது நம் நோக்கமன்று. சிகிரியாக் குன்றில் எவ்வழி ஏறுவது, கண்டித் தலதா மாளிகைக்கு எவ்வாறு உடுத்திச் செல்வது என்பனவற்றை அது செம்மையாகவே சொல்கிறது. அறியாத ஊரில் அது நல்ல துணை.

ஆயினும் ஒரு நாடு தேறியதை அந்நூல் அளக்கும் கோல் வேறு. விடுதி திறந்ததா, பாதை திறந்ததா என்பதே அதன் வினா. 1983இல் மூண்ட போர் 2009இல் முடிந்தது. 2019ஆம் ஆண்டில் காணத்தக்க நாடுகளுள் முதலாவது இலங்கையே என 'லோன்லி பிளானட்' என்னும் வழிகாட்டி நிறுவனம் அறிவித்தது. அவ்வாண்டு ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் வெடித்த குண்டுகள் 250க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டன. 2022இல் அரசு அயல்நாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாது நின்றது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் அனைவரும் எரிபொருளுக்கு ஒரே வரிசையில் காத்துக் கிடந்தனர். பட்டியலில் இடம் பெறுவது வேறு. தேறி எழுவது வேறு அன்றோ?

யாழ்ப்பாணம் செல்வோம். 1990இல் நின்ற இரயில் 2014இல் மீண்டும் அந்நகரை அடைந்தது. நூல் அதன் நேரத்தைக் குறிக்கிறது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் சிதறிய குடும்பங்களையோ, காணாமற்போன மக்களின் படங்களை ஏந்தி 2017இல் கிளிநொச்சிச் சாலையோரம் அமர்ந்த தாயரையோ எந்த அட்டவணை குறிக்கும்? 1981இல் எரியுண்ட யாழ் நூலகம் மீண்டும் வெண்ணிறமாய் நிற்கிறது. அன்று சாம்பலான ஏறத்தாழ 97,000 நூல்களுள் வேறு படியில்லாத ஏடுகள் மீளவேயில்லை.

மலைநாட்டுத் தேயிலைச் சரிவுகளை நூல் வண்ணப்படமாகத் தருகிறது. காடழித்து அவற்றை ஆக்கியோர் தமிழகத்திலிருந்து சென்ற உழைப்பாளிகள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் வழியினரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களைக் கேளாமலே இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. கொழுந்து கிள்ளும் பெண்ணின் புன்னகை படத்தில் உண்டு. அவள் திரும்பிச் செல்லும் லயத்துச் சிற்றறை அதில் இல்லை.

அன்பர்களே, நூலை எடுத்தே செல்வோம். அது வழி காட்டட்டும். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் வாழ்வோரோடு தாய்மொழியில் உரையாடும் பேறு பிற பயணிகள் பலர்க்கு இல்லை, நமக்கு உண்டு. அவர்கள் சொல்ல விழைவதைப் பொறுமையுடன் கேட்போம். சொல்ல விழையாததைத் துருவாதிருப்போம். நம் பிள்ளைகள் படங்களோடு மட்டுமன்றி, அம்மக்களைப் பற்றிய அறிவோடும் வீடு திரும்பட்டும்.