தலையெழுத்தை எழுதுவது யார்?

(உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



பிள்ளைகளுக்குப் படிப்பில் ஊக்கம் உண்டாவது எப்படி என்பது பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். "வருகிறவனுக்குப் படிப்பு வரும், வராதவனுக்கு வராது, எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டால் இந்தக் கூட்டமே தேவையில்லை. நாம் கலைந்து வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் பிள்ளையின் தலையில் ஏதாவது எழுதப்படுகிறதென்றால், அதை எழுதுகிறவன் பிரம்மா அல்ல. பெரும்பாலும் உபாத்தியாயரின் வாய்ச்சொல்தான் எழுதுகிறது என்று நான் சொல்லுகிறேன்.

நான் சொல்லுவதற்காக நம்பவேண்டாம். சோதித்துப் பார்த்தவர்கள் கண்ட சங்கதியைக் கேளுங்கள்.

உலக வங்கியைச் சேர்ந்த கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஒரு சோதனை செய்து 2004ல் அதை வெளியிட்டார்கள். 6, 7 வகுப்புப் பையன்கள், மேல் சாதி என்பவர்களில் 321 பேர், தாழ்த்தப்பட்டவர்களில் 321 பேர். காகிதத்தில் வரைந்த சிக்கல் பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த கணக்குக்குக் காசு. யார் என்ன சாதி என்று வெளியே சொல்லாதபோது இரு கூட்டத்தாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் செய்தார்கள். அதே வேலையை, ஒவ்வொரு பையனின் பெயரோடு சாதியையும் எல்லோர் எதிரிலும் படித்துவிட்டுச் செய்யச் சொன்னபோது, தாழ்த்தப்பட்ட பையன்கள் நன்றாய்ப் பின்தங்கிவிட்டார்கள்.

தோழர்களே! யோசித்துப் பாருங்கள். சாதியைப் படிக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் அந்தப் பையன்களின் மூளை சுருங்கியா போயிற்று? புத்தி பிறவியில் வருவது என்பது உண்மையானால், சாதியைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும்? சுருங்கியது மூளை அல்ல, "நம்மை இவர்கள் சரியாய் மதிப்பார்களா?" என்ற நம்பிக்கை. நம்பிக்கை போன இடத்தில் ஊக்கம் எப்படி நிற்கும்?

அந்தப் பயம் வீண் பயமும் அல்ல. ரீமா ஹன்னா, லீ லின்டன் என்ற ஆராய்ச்சிக்காரர்கள் நம் நாட்டிலேயே செய்து 2012ல் வெளியிட்ட மற்றொரு சோதனை இருக்கிறது. பரீட்சைத் தாள்களின் மேல் உண்மைச் சாதியைப் போடாமல், சீட்டுக் குலுக்குவதுபோல் ஏதோ ஒரு சாதியைப் போட்டு உபாத்தியாயர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். கீழ்ச்சாதி என்று எழுதியிருந்த தாளுக்கு மார்க்கு சற்றுக் குறைந்தது. வித்தியாசம் பெரிதல்ல, ஆனால் அப்படிக் குறைத்தவர்கள் பெரும்பாலும் கீழ்ச்சாதி என்று சொல்லப்பட்ட உபாத்தியாயர்களே! தன்னைத் தாழ்ந்தவனென்று நம்பவைக்கப்பட்டவன் தன் இனத்துப் பிள்ளையையும் அப்படியே எடைபோடுகிறான். இழிவு எவ்வளவு ஆழத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது பார்த்தீர்களா?

சரி, திட்டாமல் புகழ்ந்துவிட்டால் போதுமா என்றால், அதிலும் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் மியூல்லர், ட்வெக் என்ற இரண்டு அம்மையார்கள் 5ம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்து 1998ல் எழுதினார்கள். சில பிள்ளைகளை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாய்ப் பாடுபட்டாய்" என்றும் புகழ்ந்தார்கள். பிறகு கஷ்டமான புதிரைக் கொடுத்துத் தோற்கவிட்டு, மறுபடியும் பழையபடி சுலபமானதைக் கொடுத்தார்கள். புத்திசாலிப் பட்டம் பெற்றவர்கள் முன்னைவிட மோசமாய்ச் செய்தார்கள். பாடுபட்டதற்காகப் புகழப்பட்டவர்கள் முன்னைவிட நன்றாய்ச் செய்தார்கள். ஏனெனில், பட்டம் வாங்கியவனுக்குத் தோல்வி வந்தால் பட்டமே போய்விட்டது. பாடுபட்டவனுக்கோ இன்னும் கொஞ்சம் பாடுபட வழி இருக்கிறது.

ஆகவே "மக்கு" என்பதும் தப்பு, "மேதை" என்பதும் தப்பு. இரண்டும் பிள்ளையின் தலையைப் பற்றிய பேச்சு. உபாத்தியாயர் பேசவேண்டியது பிள்ளை செய்த வேலையைப் பற்றி. "அப்படியானால் தப்பைக் கண்டிக்கவே கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். தாராளமாய்க் காட்டுங்கள். "உனக்குக் கணக்கு வராது, மாடு மேய்க்கப் போ" என்பதால் என்ன பிரயோஜனம்? "மூன்றாவது வரி வரையில் சரி, நாலாவது வரியில் கடன் வாங்க மறந்தாய், அதை மட்டும் திரும்பப் போடு" என்றால், பிள்ளைக்குத் தப்பு எங்கே என்றும் தெரிகிறது, தன்னால் முடியுமென்றும் தெரிகிறது. முதல் பேச்சு கதவைச் சாத்துகிறது. இரண்டாவது வழி காட்டுகிறது.

சட்டமும் இதையே சொல்லுகிறது. 2009ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு, பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மனத்தைப் புண்படுத்தித் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. பிரம்பைக் கீழே வைத்துவிட்டு நாக்கைப் பிரம்பாக்கிக் கொண்டால் சட்டத்தை மதித்ததாகாது.

பெற்றோர்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. "நம்ம வம்சத்துக்குப் படிப்பு ஏது" என்று பிள்ளை காதில் விழும்படி பேசாதீர்கள். உங்கள் பாட்டனுக்குப் படிப்பு வராமல் போகவில்லை; வரவிடாமல் தடுத்தார்கள்.

உபாத்தியாயத் தோழர்களே! நாளைக் காலை உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு பிள்ளை வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். அதன் சாதியையும், அப்பன் தொழிலையும் மறந்துவிட்டு, அதன் நோட்டுப் புத்தகத்தை மட்டும் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் சரியாய் இருப்பது ஒன்றையும், திருத்தவேண்டியது ஒன்றையும் சொல்லுங்கள். இதற்குச் செலவு காலணாவும் இல்லை. செய்து பார்த்து, பலித்தால் ஒப்புக் கொள்ளுங்கள். பலிக்காவிட்டால் நான் சொன்னதைத் தள்ளிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.