தேகசுகமும் சங்கத்தின் நாணயமும்

(கூட்டுறவுக் கடன் சங்கப் பொதுக்கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் செய்த பிரசங்கம்)



கடன் மனுவைப் பரிசீலிக்கும்போது நிலம் எவ்வளவு, ஈடு என்ன, ஜாமீன்தார் யார் என்று விசாரிக்கிறோம். உழைத்துக் கடனைத் தீர்க்க வேண்டிய தேகம் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. உழைப்பவர் நோயில் விழுந்தால் வரும்படி குறைகிறது, வைத்தியச் செலவுக்காக நகை அடகுக்குப் போகிறது, தவணையும் தவறுகிறது. ஆகையால் இன்று ஆகாரத்தையும் தேகாப்பியாசத்தையும் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

1918-ஆம் ஆண்டில் குன்னூரில் டாக்டர் ராபர்ட் மக்காரிசன் ஆராய்ச்சி தொடங்கியது பெரிபெரி என்னும் வியாதியைப் பற்றியே. நன்றாகத் தீட்டிய பச்சரிசியையே பெரிதும் உண்டவர்களிடம் அது மிகுந்திருந்தது. தவிட்டோடு உயிர்ச்சத்தும் போய்விடுவதே காரணம். நெல்லைப் புழுக்கினால் அச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது. இன்று பெரிபெரி அரிதாகிவிட்டது. ஆனால் நீரிழிவு பெருகிவிட்டது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு அது இருப்பதாக 2023-இல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டது.

ஏற்றம் இறைத்து, ஏர் பின் நடந்து, நெல் குத்திய தேகத்துக்கு மூன்று வேளைச் சோறு தகும். இப்பொழுது மோட்டார் நீர் இறைக்கிறது, டிராக்டர் உழுகிறது, ஆலை நெல் குத்துகிறது. உழைப்பு குறைந்தும் தட்டிலுள்ள சோறு குறையவில்லை. செலவுக்கு மிஞ்சிய ஆகாரம் கொழுப்பாகச் சேர்ந்து நோய்க்கு வழி செய்கிறது.

செய்யத் தக்கவை எளியவையே.

முதலாவது, சோற்றின் அளவைக் குறைத்து, கீரை, காய்கறி, பருப்பு ஆகியவற்றைக் கூட்டுங்கள். கொல்லையில் ஒரு முருங்கை இருந்தால் கீரைக்குப் பணம் வேண்டாம். ஒரு வேளையாவது கேழ்வரகோ கம்போ உண்ணுங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. அரிசியில் அது மிகச் சொற்பம். சிறுதானியமானாலும் அளவோடு உண்பதே நன்று.

இரண்டாவது, வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு கரண்டிக்குள், அடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பும் இக்கணக்கில் சேரும். டீக்கடையில் குடிக்கும் ஒவ்வொரு டம்ளரிலும் எத்தனை கரண்டிச் சர்க்கரை என்றும் எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, வாரத்தில் 150 நிமிஷமாவது மூச்சு சற்று வேகமாகும்படி நடக்க வேண்டும். ஐந்து நாள், நாளுக்கு அரைமணி போதும். நடவிலும் அறுப்பிலும் பாடுபடுவோர், வேலையில்லாத மாதங்களில் திண்ணையில் உட்கார்ந்துவிடலாகாது. வயலுக்கு வண்டியில் போகாமல் நடந்து போவதும் அப்பியாசமே.

நான்காவது, வீட்டில் பெண்கள் கடைசியில் மிஞ்சியதை உண்ணும் வழக்கம் ஒழிய வேண்டும். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 57 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். கீரையும் பருப்பும் அவர்கள் தட்டிலும் விழட்டும்.

முப்பது வயது கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பார்த்துக்கொள்வது நலம். வைத்தியர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.

சங்கமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. அங்கத்தினர் விளைவிக்கும் கேழ்வரகையும் பயறு வகைகளையும் சங்கமே வாங்கி, நியாய விலைக்கு அங்கத்தினருக்கே விற்கலாம். மகாசபை கூடும் நாளில் சுகாதார ஊழியரை வரவழைத்து எல்லோரையும் பரிசோதிக்கச் செய்யலாம். இவ்விரண்டையும் இன்றே தீர்மானமாக நிறைவேற்றும்படி கேட்டுக்கொண்டு, என் பிரசங்கத்தை முடிக்கிறேன்.