விஞ்ஞானமும் திரைப்படமும்



விஞ்ஞானம் உண்மையைத் தேடுவது. திரைப்படம் உள்ளத்தை மகிழ்விப்பது. இவ்விரண்டிற்கும் என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். அவ்வுறவு திரைப்படத்தின் பிறப்பிலேயே அமைந்ததாகும். உயிர்களின் அசைவை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் மாரே என்பார், 1882-இல் துப்பாக்கி வடிவில் ஒரு படக்கருவியைச் செய்தார். அது விநாடிக்கு 12 படங்களாகப் பறவையின் சிறகடிப்பைப் பகுத்துக் காட்டிற்று. லூமியேர் சகோதரர்கள் பாரிஸ் மக்களுக்குத் திரைப்படம் காட்டியது 1895-இல்தான்.

நான் ஆசிரியனாயிருந்த காலத்தில் கரும்பலகையில் எத்தனையோ மொட்டுகளை வரைந்தேன். அவற்றுள் ஒன்றேனும் மலர்ந்ததில்லை. திரைப்படமோ மலர்த்திக் காட்டும். மொட்டொன்றைப் பத்து நிமிடத்திற்கு ஒரு படமாக ஒரு நாள் முழுதும் எடுத்தால் 144 படங்களாகும். அவற்றை விநாடிக்கு 24 வீதம் ஓட்டினால், ஒரு நாள் வளர்ச்சியை ஆறே விநாடிகளில் கண்டுவிடலாம்.

எனினும், கேளிக்கைக் கருவி ஆராய்ச்சிக்கு உதவுமா என்று ஐயுற்றோர் பலர். 1928-இல் ழான் பென்லவே என்னும் இளைஞர், ஒரு சிறு மீனின் முட்டை வளர்ச்சியைப் பற்றிய படத்தைப் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் காட்டியபோது, அறிஞர் ஒருவர் சினங்கொண்டு வெளியேறினார் என்பர். பென்லவே தளரவில்லை. 1930-களில் கடற்குதிரையைப் படமாக்கினார். அவ்வினத்தில் முட்டைகளைப் பையில் சுமந்து குஞ்சுகளை ஈனுவது ஆண்! அந்நிகழ்ச்சியைக் காண அவர் இரவும் பகலும் தொட்டியருகே காத்திருந்தார். கற்பனையால் புனைய இயலாத அவ்வுண்மையை அவருடைய பொறுமை படம்பிடித்தது. அதைக் கண்டு மகிழும்படி அமைத்தது அவருடைய கலை. அப்படத்திற்கு இசையமைத்தவர் புகழ்பெற்ற டாரியுஸ் மியோ.

1947-இல் பாரிஸில் அனைத்துலக விஞ்ஞானத் திரைப்படச் சங்கம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர்களுள் பென்லவேயும் ஒருவர். பல நாட்டு விஞ்ஞானிகளும் படக்கலைஞர்களும் அதன் மாநாடுகளில் கூடி, ஒருவர் படத்தை மற்றவர் கண்டு விவாதித்தனர். இத்தகைய விழாக்களின் பயன் பரிசளிப்பு மட்டுமன்று. "இது மெய்தானா?" என்று விஞ்ஞானி கேட்கிறார், "இது காண்போர் மனத்தில் பதியுமா?" என்று கலைஞர் கேட்கிறார். இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறும் படமே நல்ல விஞ்ஞானப் படம். கவர்ச்சிக்காக உண்மையைத் திரித்தால் அறிவு கெடும். உண்மை ஒன்றே போதுமென்று கலையைப் புறக்கணித்தால் கேட்பாரிரார்.

மாணவர்களே! இன்று உங்களில் பலர் வீட்டில் படமெடுக்கும் கைப்பேசி உண்டு. எறும்பு இரை இழுப்பதையும், அவரை விதை முளைப்பதையும் படமாக்குங்கள். விஞ்ஞானம் பயில்வோரும் கதை எழுதுவோரும் ஒரு குழுவாகச் சேருங்கள். ஆண்டிற்கு ஒரு நாள் பள்ளியில் திரை கட்டி, ஊராரை அழைத்துக் காட்டுங்கள். படம் முடிந்ததும் அவர்கள் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆராய்ச்சி அவற்றிலிருந்தே தொடங்கும்.