இணைதிறன் முதலில், எலக்ட்ரான் பிறகு

யார் நினைவாக இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு அமைந்ததோ அந்தப் பெரியவர் கடைசிவரை பள்ளி ஆசிரியராகவே இருந்தவர். ஆகவே பள்ளிப் பாடம் ஒன்றையே எடுத்துக்கொண்டேன்.

இணைதிறனை எங்கே தொடங்கிக் கற்பிப்பது என்பதில் எனக்கும் துறை நண்பர்கள் சிலருக்கும் உள்ள வழக்கு இந்த அவையில் பலருக்குத் தெரியும். பாடத்திட்டக் கூட்டங்களில் பாதியில் நின்றுபோன அதை இன்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கட்சி இது: எலக்ட்ரான் அமைப்பை எழுது, வெளிக்கூட்டில் இருப்பவற்றை எண்ணு, நான்கு வரை என்றால் அதுவே இணைதிறன், மிஞ்சினால் எட்டிலிருந்து கழி. சோடியம் 2, 8, 1, ஆகவே ஒன்று. ஆக்சிஜன் 2, 6, ஆகவே இரண்டு. என் கட்சி வேறு. இணைதிறன் என்பது சேர்மங்களைப் பகுத்துப் பார்த்துக் கண்ட உண்மை. இணைதிற எலக்ட்ரான்கள் அந்த உண்மைக்குப் பின்னால் கிடைத்த விளக்கம். விளக்கத்தை முன்னே நிறுத்தி, உண்மையை அதிலிருந்து கழித்தல் கணக்காக வருவிப்பது முறையாகாது.

ஆண்டுகளைப் பாருங்கள். நைட்ரஜன், பாஸ்பரஸ், ஆர்செனிக், ஆன்டிமனி ஆகியவை மூன்று அல்லது ஐந்து பங்கு என்ற அளவில் பிறவற்றோடு சேர்வதை எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் எடுத்துச்சொன்னது 1852-இல். கார்பனுக்கு நான்கு என்று கெக்குலே நிறுவியது 1858-க்குள். தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தது 1897. லூயிஸ் எலக்ட்ரான் இணையால் பிணைப்பை விளக்கியது 1916. தொடக்கத்திலேயே பாஸ்பரசுக்கு இரண்டு இணைதிறன்கள் இருந்தன. நம் கழித்தல் கணக்கு மூன்றைத் தந்துவிட்டு, ஐந்தை 'விதிவிலக்கு' என்று ஓரங்கட்டுகிறது.

இந்தக் கணக்கு ஆராய்ச்சியையே எப்படித் தடுத்தது என்பதற்குச் சான்றாக, இனி செனானுக்கு வருகிறேன். இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

ராம்சேயும் டிராவர்சும் 1898-இல் கண்ட வாயு அது. வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள். ஆகவே கணக்குப்படி இணைதிறன் சுழியம். ஃபுளூரினோடு செனான் சேரக்கூடும் என்று பாலிங் 1933-இல் எழுதினார். அவர் சொல்லை நம்பி கலிபோர்னியாவில் யோஸ்டும் கேயும் இரண்டு வாயுக்களையும் சேர்த்து மின்னிறக்கம் செலுத்திப் பார்த்தனர், சேர்மம் அகப்படவில்லை. அதோடு பாடநூல்கள் சுழியத்தை உறுதி செய்துகொண்டன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மிகச் சிலரே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். எட்டு என்ற எண் அவ்வளவு பேரைக் கட்டிப்போட்டது.

வான்கூவரில் நீல் பார்ட்லெட் அப்போது பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளுரைடை ஆராய்ந்துகொண்டிருந்தார். அது ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே ஓர் எலக்ட்ரானைப் பறித்து உப்பாக்கிவிடுவதைக் கண்டார். அயனியாக்கும் ஆற்றல்களை ஒப்பிட்டார். ஆக்சிஜன் மூலக்கூறுக்கு மோலுக்குச் சுமார் 1,165 கிலோஜூல், செனானுக்குச் சுமார் 1,170. இவ்வளவு நெருக்கமென்றால் செனானிடமிருந்து மட்டும் ஏன் பறிக்க முடியாது? 1962 மார்ச்சில் சோதித்தார். ஒருபுறம் அந்த ஹெக்ஸாஃபுளுரைடின் ஆழ்சிவப்பு ஆவி, மறுபுறம் நிறமற்ற செனான், நடுவே கண்ணாடித் தடுப்பு. தடுப்பை உடைத்ததும் அறை வெப்பநிலையிலேயே மஞ்சள் திண்மம் படிந்தது. அதே ஆண்டு ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் செனானையும் ஃபுளூரினையும் நிக்கல் கலத்தில் 400 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றிக் குளிர்வித்தார்கள். நிறமற்ற படிகமாகச் செனான் டெட்ராஃபுளுரைடு கிடைத்தது. பிறகு டைஃபுளுரைடு, ஹெக்ஸாஃபுளுரைடு, எட்டு வரை போகும் டெட்ராக்சைடு என்று வரிசையாக வந்தன.

பார்ட்லெட்டே எலக்ட்ரானை வைத்துத்தானே யோசித்தார் என்று நண்பர்கள் மடக்குவார்கள். உண்மைதான். ஆனால் அவர் எலக்ட்ரான்களை எண்ணவில்லை. அவை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கின்றன என்று அளந்த மதிப்புகளை ஒப்பிட்டார். எண்ணியவர்களுக்குக் கிடைத்தது சுழியம். அளவை நம்பிச் சோதித்தவருக்குக் கிடைத்தது சேர்மம். என் வழக்கு முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

ஆக்சிஜனேற்ற எண்ணையும் இணைதிறனையும் ஒன்றாக்கும் குழப்பத்தையும் தொட்டுச் செல்கிறேன். மீத்தேனிலும் ஈத்தேனிலும் கார்பனின் இணைதிறன் நான்குதான். ஆக்சிஜனேற்ற எண் மட்டும் முன்னதில் −4, பின்னதில் −3. வினாத்தாள் அமைப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

இரும்பு, மாங்கனீசு போன்ற இடைநிலைத் தனிமங்களுக்கு வெளிக்கூட்டை மட்டும் எண்ணினால் போதாது. உட்கூட்டு எலக்ட்ரான்களும் பிணைப்பில் இறங்குகின்றன. இது தனிச் சொற்பொழிவுக்கு உரியது.

இளையவர்கள் செய்ய வேண்டியவை சில. நம் தமிழ்ப் பாடநூல்களைப் பதிப்பு வாரியாக எடுத்து, எலக்ட்ரான் அமைப்பு எப்போது இணைதிறனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது என்று பார்க்கலாம். மக்னீசிய நாடாவை எரித்து, எடைகளிலிருந்தே இணைதிறனைக் காணும் எளிய சோதனையை ஒன்பதாம் வகுப்புக்கு வடிவமைக்கலாம். 2000-இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் கடுங்குளிரில் ஆர்கானையும் ஒரு சேர்மத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். இணைதிறன் பட்டியலில் அதற்கு நேரே இனி எதை எழுதுவது என்பதை இளநிலை மாணவர்களுக்கே கருத்தரங்குத் தலைப்பாகக் கொடுக்கலாம்.