பார்த்துக்கறது வேற, பங்கு வேற

நம்ம கீரனூர்ல பிறந்த ஆர். சண்முகசுந்தரத்தோட 'நாகம்மாள்', 1942-ல வந்த நாவல்.

அண்ணன் இறந்துட்டான். தம்பி சின்னப்பன்தான் காட்டுல பாடுபட்டு அண்ணி நாகம்மாளையும் அவ மகளையும் காப்பாத்தறான். கெட்டவன் இல்ல. பொறுப்பான ஆம்பளை. ஆனா அண்ணி தன் பங்கு நிலத்தைப் பிரிச்சுக் கேட்டதும் அந்தப் பொறுப்பு தடுமாறுது. சோறு போடறோமில்ல, பங்கு எதுக்கு?

கெட்டியப்பன் தூண்டிவிட்டான்னு சொல்லி நாகம்மாளை ஒதுக்கிடறது சுலபம். எனக்கு ஒப்பல. அவ கேட்டது நியாயம்தானே?

அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தற பனியன் கம்பெனி திருப்பூர்ல எத்தனை! அண்ணன் போயிட்டா கணக்கு நோட்டு அண்ணி கைக்கு வருமா, இல்ல மாசச் செலவுக்குப் பணம் மட்டும் வருமா?

படிங்க. முடிவை நான் சொல்லமாட்டேன்.