கேட்டுச் சொல்லி, சொல்லிப் பழகி



காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும் பெரியவர்களிடம், “ஜெபம் சொல்ல உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது?” என்று கேட்டுப் பாருங்கள். அப்பத்தாவைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் கோயில் உபதேசியாரைச் சொல்வார்கள். புத்தகத்தைப் பார்த்துக் கற்றேன் என்பவர் குறைவு. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கிற நகரத்தார் வீட்டுப் பிள்ளைக்கும் இது புரியும். கும்பிடக் கற்பது பெரியவர்களைப் பார்த்துத்தான்.

ஆனால் இன்று, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தும், “எனக்கு ஜெபம் பண்ணவே தெரியவில்லை” என்று தயங்கித் தயங்கிச் சொல்கிற இளைஞர்கள் நிறைய. வெளியூர்ப் படிப்பு, விடுதி, வேலை என்று போனதில் வீட்டு இரவு ஜெபம் விட்டுப்போயிருக்கும். அவர்களுக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

வெட்கப்பட ஒன்றுமில்லை. இயேசுவோடு நடந்து, ஒரே பந்தியில் சாப்பிட்ட சீடர்களே இதைக் கேட்டார்கள். லூக்கா நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. அவர்கள் யூதர்கள், சிறுவயதிலிருந்தே சங்கீதங்களைச் சொல்லி வளர்ந்தவர்கள். ஆனாலும் அவர் ஜெபித்து முடித்ததைக் கண்டு, எங்களுக்கும் கற்றுத்தாரும் என்று கேட்கத் தோன்றியது. அவர் ஜெபம் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அப்படியே திருப்பிச் சொல்லத்தக்க சில வரிகளைக் கொடுத்தார். கத்தோலிக்கர் பரலோக மந்திரம் என்பதும் சீர்திருத்த சபையார் பரமண்டல ஜெபம் என்பதும் அதைத்தான். நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடம் ஆகாது.

அந்த வரிகள் தமிழ் மக்களின் நாவுக்கு வந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த வரலாறு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் சரளமாக வராது. தம் மொழியும் தமிழும் தெரிந்தவர்களை உட்கார வைத்து ஜெபங்களைத் தமிழில் ஆக்கி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். ஒரு வரி அவர் சொல்ல, பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். வீட்டுக்குப் போய் அப்பா, அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினார். 1544இல் ரோமாபுரியிலிருந்த தம் தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார். பெற்றோருக்குப் பிள்ளைகள் ஆசிரியர்களானார்கள்! உச்சரிப்புப் பிசகும் ஒருவரை நம்பி ஒரு கடற்கரை முழுவதும் ஜெபிக்கக் கற்றது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதன் பிறகு அச்சு வந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம் கொண்ட நூல். அதை ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார். இந்திய எழுத்து ஒன்றில் இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம் அதுதான். நம் தமிழ் எழுத்து முதன்முதலில் இந்த மண்ணில் அச்சேறியதே, ஞானோபதேசமும் ஜெபமும் சொல்லித்தரத்தான்.

நம் பக்கம் கடற்கரை அல்ல. அன்றைய மறவ நாடு. கண்மாயும் பொட்டலும் கருவேலமுமான பூமி. குருக்கள் மிகச் சிலர். ஒரு குருவானவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்த ஊர்கள் உண்டு. இடைப்பட்ட காலத்தில் ஜெபத்தை அணையாமல் காத்தவர்கள் உபதேசியார்கள். அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் தெ பிரிட்டோவின் வரலாற்றிலேயே இதைப் பார்க்கலாம். மறவர் குலத் தலைவர் தடியத்தேவர் கடும் நோயில் கிடந்தபோது, அருளானந்தர் முதலில் தாம் போகவில்லை. ஓர் உபதேசியாரை அனுப்பினார். அவர் நோயாளியின் அருகில் நின்று நற்செய்தியை வாசித்து ஜெபித்தார். தேவர் குணமடைந்தார் என்றும், பிறகு ஞானஸ்நானம் பெற்றார் என்றும் அக்காலச் சேசு சபையார் எழுதிவைத்திருக்கிறார்கள். அதைத் தொடர்ந்து மறவ நாட்டு அரண்மனை கொண்ட கோபத்தில்தான் அருளானந்தர் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். வெட்டப்படுமுன் முழங்காலிட்டு ஜெபித்தார். அந்த உபதேசியாரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் இந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக ஜெபம் சொல்லித்தந்தவர்கள் அவரைப் போன்றவர்களே.

இங்கே ஒரு வழக்கைத் தீர்க்க வேண்டும். மனப்பாட ஜெபம் கிளிப்பிள்ளைப் பேச்சு, மனதிலிருந்து சொந்தமாய் வருவதே ஜெபம் என்பார் ஒரு சாரார். சொந்தமாய்ப் பேசுவது முறையற்றது, திருச்சபை தந்த வார்த்தையே போதும் என்பார் மறு சாரார். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. 1535இல் மார்ட்டின் லூத்தரிடம் அவருடைய நாவிதர் பீட்டர், எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். லூத்தர் அவருக்காக ஒரு சிறு நூலே எழுதினார். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம் ஆகிய மனப்பாடமான வார்த்தைகளில் தொடங்கு என்கிறார். சொல்லச் சொல்ல உள்ளம் சூடேறி, சொந்த எண்ணங்கள் ஊறி வந்தால், மீதியை விட்டுவிட்டு அவற்றுக்கு இடம் கொடு என்கிறார். மனம் அலைவதற்கு அவர் சொன்ன உதாரணம் நாவிதருக்கே உரியது. சவரக் கத்தி பிடித்தவன் வேடிக்கை பார்த்தால் மூக்கையோ தொண்டையையோ அறுத்துவிடுவான். ஜெபிக்கிறவனுக்கும் அந்தக் கவனம் வேண்டும். கத்தோலிக்கரும் இதைத் தாராளமாக ஏற்கலாம்.

இரவல் வார்த்தைகளில் தொடங்கிச் சொந்த வார்த்தைகளுக்கு வருவதுதான் வழி. சொந்த வார்த்தைகள் வற்றிப்போகும் நாளில், துக்க வீட்டிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும், மனப்பாடமான வார்த்தைகளே கைகொடுக்கும். அதனால்தான் மந்திரங்களை மறந்துவிடாதீர்கள் என்று இளைஞர்களிடம் வற்புறுத்துகிறேன்.

பரலோக மந்திரத்தை ஒரே மூச்சில் ஓட்டாமல், ஒரு நாளைக்கு ஒரு வேண்டுதலில் நின்று பாருங்கள். அன்றாட உணவு கேட்கும் வரியில் மழை இருக்கிறது. கண்மாய் நிறையாவிட்டால் நமக்கு வெள்ளாமை இல்லை. சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை செய்து பணம் அனுப்புகிற மகனின் உடல்நலமும் அதில் இருக்கிறது. இதையெல்லாம் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்லலாம். கடவுளுக்கென்று தனி மொழி வேண்டாம்.

மன்னிப்பைக் கேட்கும் வரிதான் கஷ்டம். நான் மன்னிப்பதைப் போல என்னையும் மன்னியும் என்று நாமே நிபந்தனை போட்டுக்கொள்கிறோம். பொதுச் சுவருக்காகவும் பாகம் பிரியாத வீட்டுக்காகவும் பங்காளிகள் வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் இருப்பது நம் ஊரில் எல்லா மதத்தாரிடமும் உண்டு. கோர்ட்டில் வாய்தா வாங்கிக்கொண்டே அந்த வரியைச் சொல்கிறவருக்குத் தொண்டை அடைக்க வேண்டும். அடைத்தால் நல்லது. அங்கேயே நிறுத்தி, “ஆண்டவரே, எனக்கு மன்னிக்க மனமில்லை, மனம் தாரும்” என்று சொன்னால் போதும். அது முழு ஜெபம்தான். இந்த ஒரு வரியைக் கற்க ஆயுள் முழுவதும் ஆகலாம் என்பது என் எண்ணம். மற்ற வேண்டுதல்களை விட இதற்கே அதிக நேரம் கொடுங்கள்.

எவ்வளவு நேரம் ஜெபிப்பது? ரோமாபுரி சூறையாடப்பட்டபின் ஆப்பிரிக்காவில் அடைக்கலம் புகுந்த புரோபா என்ற கைம்பெண் ஜெபத்தைப் பற்றிப் புனித அகுஸ்தினாரைக் கேட்டார். அவர் எழுதிய நீண்ட பதிலில், எகிப்துத் துறவிகள் மிகச் சுருக்கமாக, ஆனால் அடிக்கடி ஜெபிப்பதை எடுத்துக்காட்டுகிறார். கவனம் மழுங்குமுன் நிறுத்துவது அவர்கள் வழக்கம். நாமும் காலையில் போனைத் தொடுமுன் ஐந்து நிமிடம், இரவு படுக்குமுன் ஐந்து நிமிடம் என்று தொடங்கலாம். இடத்தையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். ஒன்றும் உணராத நாட்கள் வரும், அன்றைக்கும் உட்காருங்கள்.

தனியாகச் செய்வது கடினமாக இருந்தால் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். அருள் நிறை மந்திரத்தின் முதல் பாதியை அம்மா சொல்லட்டும். மறுபாதியை நீங்கள் சொல்லுங்கள். மறந்த இடத்தை அவர் எடுத்துக்கொடுப்பார். வீட்டில் சொல்லித்தர யாரும் இல்லாதவர்கள் பங்கில் நடக்கும் அன்பியக் கூட்டத்துக்கோ, உங்கள் சபையின் ஜெபக் கூட்டத்துக்கோ போகலாம். முதல் சில வாரம் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு மற்றவர்களோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்லுங்கள். சத்தமாக ஜெபிக்கும்படி யாராவது அழைத்தால், இன்னும் பழகவில்லை என்று சொல்லிவிடலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.